பட்டியும் கிணறும் கயிறும் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

தாராபுரத்துக்கு அருகே, அமராவதிப் பாசனம் முடிந்து மானாவாரிக் காடு தொடங்கும் இடத்தில் இருக்கும் எங்கள் சிறிய சபையின் ஞாயிறு பள்ளித் தலைமையாசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கடந்த சித்திரையில் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை எங்கள் பிள்ளைகள் வேதாகமக் கதைகளைக் கற்ற விதம் அடியோடு மாறியது. அம்மாற்றத்துக்குக் காரணமானவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள் அல்லர். பலர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்களும் அல்லர். ஆராதனை முடிவில் அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்கப்படும் ஒரு வரி நன்றி அவர்களுக்குப் போதாது என்று தோன்றியதால், யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதை விவரமாகவே எழுதிவைக்க விரும்புகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முன்பு எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் இந்த நன்றியின் அளவு புரியும். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது எங்கள் வகுப்புகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். கோவில் மறுபடி திறந்து வகுப்புகள் தொடங்கியபோது வந்தவர்கள் ஒன்பது பேர். பெற்றோரில் பலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை இரவு வெகுநேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஞாயிறு காலையில் எழுந்து பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புவது எளிதன்று. மற்றவர்களுக்கு டியூஷன் இருந்தது. இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனாலும் என் கற்பித்தலிலும் குறை இருந்தது. படத்தைக் காட்டிக் கதையைச் சொல்வேன், மனப்பாட வசனத்தை ஒப்பிக்கச் சொல்வேன், ஐந்து கேள்வி கேட்டு விடையெழுதச் செய்வேன். பத்தொன்பது ஆண்டுகளாக இப்படியே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மேய்ப்பன் படத்தில் பசும்புல் தரையில் பஞ்சுபோல் வெண்ரோமம் அடர்ந்து நிற்கும் ஆடுகளைப் பார்த்துவிட்டு, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், இது நம்மூர் ஆடு இல்லீங்களே” என்றாள். எங்கள் பக்கத்துச் செம்மறிகள் பழுப்பு நிறத்தில் குட்டை மயிரோடு இருப்பவை. அவள் சொன்னது சரி. அன்று முழுவதும் அந்த வார்த்தையே என் மனத்தில் இருந்தது.

யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாயிற்று. வேதாகமம் பேசுகிற நிலம் அந்தப் படத்தில் இருந்த நிலத்தைவிட எங்கள் நிலத்துக்கே நெருக்கமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்தக் காட்டிலும் மழை குறைவு. இங்கும் கிணறே உயிர். இங்கும் முள்வேலியும் ஆட்டுமந்தையும் களமும் தூற்றுகிற முறமும் உண்டு. பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளை விளக்கத் தகுதியானவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதை இத்தனை காலம் நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களிடம் போய்க் கேட்டேன். ஒருவர்கூட மறுக்கவில்லை.

முதல் நன்றி, கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் அறுபதுக்கு மேற்பட்ட ஆடுகளை மேய்த்துவரும் பெரியவருக்கு உரியது. அவர் எங்கள் கோவிலுக்கு வருகிறவர் அல்லர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவரது பட்டிக்குப் போன அந்த மாலையில், முதலில் அவர் செய்தது, பெரிய பையன் ஒருவனைப் பார்த்து ஆடுகளைக் கூப்பிடச் சொன்னதுதான். அவன் எவ்வளவோ கத்தியும் ஓர் ஆடுகூடத் தலை நிமிரவில்லை. பிறகு அவர் நாக்கைச் சுழற்றி மெல்ல ஒரு குரல் கொடுத்தார். வெள்வேல மரத்தடியில் சிதறி நின்ற மந்தை முழுவதும் திரும்பி அவரை நோக்கி வந்தது. ஆடுகள் மேய்ப்பனுடைய சத்தத்தை அறிந்திருக்கின்றன, அந்நியனுக்குப் பின்செல்வதில்லை என்ற யோவான் பத்தாம் அதிகாரத்து வார்த்தைகளை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்று அதைக் கண்ணால் கண்டேன்.

இருட்டத் தொடங்கியதும் ஆடுகளைப் பட்டிக்குள் அடைத்தார். சுற்றிலும் படல் கட்டியிருந்தது. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி. அந்த இடைவெளியில் தம் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டார். வாசலுக்குப் படல் கிடையாதா என்று ஒரு சிறுமி கேட்டாள். “படல் எதுக்குக் கண்ணு? நாந்தான் படுத்திருக்கறனே. என்னத் தாண்டி ஆடும் போவாது, நரியும் வராது” என்றார். அந்த இடத்திலேயே, கைப்பேசி வெளிச்சத்தில், “நானே ஆடுகளுக்கு வாசல்” என்ற வசனத்தை வாசித்தேன். விளக்கவுரை எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வகுப்பில் ஏழு மாதங்களாக யாரோடும் பேசாத சிறுவன் ஒருவன் இருந்தான். வீட்டில் நேர்ந்த ஒரு துயரத்துக்குப் பிறகு பாட்டியோடு வந்து எங்கள் ஊரில் தங்கியிருப்பவன். அவன் அன்று முதன்முறையாக வாய் திறந்து, “காணாமப் போன ஆடு தானா வந்துராதுங்களா?” என்று பெரியவரைக் கேட்டான். அவர் அவனருகே குந்தி உட்கார்ந்து, “வராது சாமி. பயத்துல போன எடத்துலயே நின்னுக்கும், கத்தக்கூடக் கத்தாது. நாமதான் தேடிப் போவோணும், கெடச்சாலும் நடக்காது, தோள்ல போட்டுத்தான் தூக்கியாரோணும்” என்றார். நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போனால் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுத் தேடிப்போகும் மேய்ப்பனைக் குறித்து லூக்கா எழுதியிருக்கிறதை அந்தப் பெரியவர் வாசித்ததில்லை. கண்டுபிடித்த ஆட்டைத் தோளின்மேல் போட்டுக்கொண்டு வருவான் என்று அங்கும் எழுதியிருக்கிறது. அந்தச் சிறுவன் இப்போது பேசுகிறான். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, நோவாவின் பேழைக்கு இடம் கொடுத்த தோட்டத்துக்காரருக்கு நன்றி. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று ஆதியாகமம் ஆறாம் அதிகாரம் அளவு சொல்கிறது. எண்ணாக மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகளுக்கு அதன் பரப்பு எவ்வளவு என்று தெரியாது. கயிறு திரிக்கும் தொழில் செய்யும் எங்கள் சபையின் சகோதரி ஒருவர், 50 முழத் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, காசு வாங்காமல் கொடுத்தார். அதை ஆறு முறை நீட்டினால் நீளம், ஒரு முறை நீட்டினால் அகலம். கடலைக்காய் பிடுங்கி வெறுமையாகக் கிடந்த தம் காட்டைத் தோட்டத்துக்காரர் எங்களுக்குத் திறந்துவிட்டார்; பிள்ளைகள் கயிறு பிடித்து அளக்க, இளைஞர்கள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். முழத்துக்கு ஒன்றரை அடி என்று கொண்டால் நீளம் 450 அடி, அகலம் 75 அடி. கோடு முடிந்ததும் அவர் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “எழுபத்தேழு சென்ட் வருதுங்க” என்று கணக்குச் சொன்னார். முக்கால் ஏக்கருக்கும் மேல் ஒரு படகு! உயரத்துக்கு வரப்போரத் தென்னையைக் காட்டி, அதைக்காட்டிலும் உயரமாக இருந்திருக்கும் என்றார். பிறகு தாமாகவே தொழுவத்துக்குப் போய்க் காங்கயம் கன்று ஒன்றை ஓட்டிவந்து கோட்டுக்குள் விட்டார். பிள்ளைகளின் ஆரவாரம் சாலை வரை கேட்டதாகச் சொன்னார்கள். ஆடி மாதம் ஊர் மாரியம்மன் கோவில் வேலைகளுக்கு முன்னின்று உழைக்கும் அவர், எங்கள் பிள்ளைகளுக்காக இரண்டு வாரம் உழவைத் தள்ளிவைத்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த இரண்டு வாரமும் மழைக்கு முந்தைய வாரங்கள். அவற்றின் அருமை உழவருக்குத் தெரியும்.

கிணற்றைப் பற்றிப் பேச வந்த தாத்தா, ஈசாக்கின் கதையை எனக்கே புதிதாக்கினார். தன் தகப்பன் ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துப்போட்டதையும், ஈசாக்கு அவற்றை மறுபடி தோண்டியதையும், புதிதாய் வெட்டிய கிணறுகளுக்காகச் சண்டை வந்தபோது ஏசேக்கு என்றும் சித்னா என்றும் பேரிட்டு விட்டுக்கொடுத்து நகர்ந்ததையும், சண்டை ஓய்ந்த இடத்துக் கிணற்றுக்கு ரெகொபோத் என்று பேரிட்டதையும் வகுப்பில் நான் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவது வழக்கம். தாத்தா அதற்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். தூர்ந்துபோன தம் தோட்டத்துக் கிணற்றடிக்கே அழைத்துப் போய், எருது பூட்டிக் கவலையால் நீர் இறைத்த காலத்தில் அந்த எருதுகள் இறங்கிய சரிவான வாரியையும், வடம் தேய்ந்த கல்லையும் காட்டினார். பாறை உடைத்துக் கிணறு வெட்ட எத்தனை மாதமாகும், பங்குக் கிணற்றில் முறை தவறினால் அண்ணன் தம்பிக்குள் எத்தனை ஆண்டு பேச்சு வார்த்தை நின்றுபோகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, வெட்டிய கிணற்றை விட்டுக்கொடுத்துவிட்டு நடந்துபோகிறவன் எப்படிப்பட்ட மனிதனாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டார். அவர்கள் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்து வழக்கொன்றில் அவர் விட்டுக்கொடுத்தவர் என்பது ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும்.

சென்னிமலையில் தறி ஓட்டும் நண்பர் ஒருவர் பேருந்தேறி வந்து, யோசேப்பின் பலவருண அங்கிக்காக நூல்சிட்டங்களைப் பிரித்துக் காட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே சாயம் போட்டுக் காயவைத்து, பிறகே பாவும் ஊடையுமாகச் சேர்க்க வேண்டும் என்று விளக்கினார். ஒரு மகனுக்கு மட்டும் அப்படியோர் அங்கியைச் செய்துகொடுத்தால் மற்றப் பத்து அண்ணன்மார்களின் மனம் என்ன பாடுபடும் என்பது அப்போது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கியது. ரூத்தின் கதையன்று, கடலைக்காட்டில் விட்டுப்போன காய்களைப் பொறுக்கப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றிய பாட்டி ஒருவர், பொறுக்க வருகிறவர்களுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைத்த ஒரு பண்ணைக்காரரைப் பற்றிச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போவாஸ் தன் வேலைக்காரருக்கு இட்ட கட்டளையும் அதுவேயன்றோ. ஐந்து அப்பம், இரண்டு மீன் கதைக்கு ஆயரம்மா கம்பு அடை சுட்டுத் தந்தார். அந்தச் சிறுவன் கையில் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் குறிப்பிடுகிறார். வாற்கோதுமை அக்காலத்து ஏழைகளின் தானியம் என்பதால், எங்கள் ஊரில் அதற்கு ஈடு கம்புதான் என்று முடிவெடுத்தவரும் அவரே.

ஈரோட்டில் பணியாற்றிய மிஷனரி பாப்ளி ஐயர் சென்ற நூற்றாண்டிலேயே தமிழிசையோடு கூடிய காலட்சேப முறையில் நற்செய்திக் கதைகளை இப்பகுதி மக்களுக்குச் சொல்லிவந்தார். மண்ணுக்கேற்றபடி கதை சொல்வது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று என்பதை எனக்கு நினைவூட்டி, வாரந்தோறும் ஆர்மோனியத்தோடு வந்து கீர்த்தனை கற்றுக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கும் என் வணக்கம்.

வேன் ஓட்டிய தம்பியை மறக்க முடியாது. வாரம் ஆறு நாளும் பனியன் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர், ஓய்வுக்கென இருந்த ஒரே நாளில் காலை எட்டு மணிக்கு நான்கு ஊர்களைச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றி வந்தார். டீசலுக்குக்கூட முதல் மூன்று மாதம் பணம் வாங்கவில்லை. இராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, மற்ற நாட்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்காகவே; அவர்களுக்கு ஓய்வாக இருந்தது அந்த ஒரு நாள்தான். உழைப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய பள்ளி எங்கள் ஊரில் அவர்களையே இழந்துவிடாமல் காத்தது அந்தத் தம்பியின் வேன்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று எங்கள் வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன.

உட்கார இரண்டு பவானி ஜமக்காளங்கள் வாங்கித் தந்த குடும்பத்தாருக்கும், வாராவாரம் பச்சைப்பயறு சுண்டல் அனுப்பிய பெண்கள் ஐக்கியச் சகோதரிகளுக்கும், வகுப்பறைக்கு வெளியே கற்பிப்பதில் சிலருக்குத் தயக்கம் இருந்தபோது என் பக்கம் நின்ற ஆயர் ஐயாவுக்கும், சபைக் குழுவினருக்கும், என்னோடு தோள்கொடுத்த நான்கு உதவி ஆசிரியைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

அந்த 50 முழக் கயிறு இப்போது எங்கள் கோவில் பொருளறையில் ஆணியில் தொங்குகிறது. முடிச்சுகள் உறுதியாகவே இருக்கின்றன. பக்கத்துச் சபைகளின் ஞாயிறு பள்ளியார் யாரேனும் கேட்டால் கொடுத்தனுப்புவதாக அதைத் திரித்த சகோதரியிடம் சொல்லியிருக்கிறேன். முப்பதாவது முடிச்சில் பேழையின் உயரத்துக்காகச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, அதை மட்டும் அவிழ்த்துவிட வேண்டாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஞாயிறு பள்ளித் தலைமையாசிரியை