மாருத்தை மறுபடி பறக்க வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் இலவச நிரலான ஃப்ளைட்கியருக்கு, நாங்கள் செய்த எச்.எஃப்.-24 மாருத் விமான மாடலின் முதல் முழுப் பதிப்பு தயாராகிவிட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஜி.பி.எல். உரிமம் என்பதால் பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் தடையில்லை. ஆனால் கோப்பைத் திறந்தால் ஆக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கும். உதவியவர்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வந்த நிலை அது. சரி, பெயர் போடாமலே சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

மாருத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. இந்தியாவிலேயே வடிவமைத்து இந்தியாவிலேயே கட்டிய முதல் ஜெட் போர் விமானம் இது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 போர் விமானத்தை உருவாக்கிய கர்ட் டாங்க், 1956-இல் பெங்களூருக்கு வந்து இந்துஸ்தான் விமான ஆலையில் (எச்.ஏ.எல்.) இந்தியப் பொறியாளர்களோடு உட்கார்ந்து வரைந்தது. 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாக வானில் ஏற்றினார். மொத்தம் 147 விமானங்கள் செய்தார்கள். ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போக வேண்டும் என்பதுதான் திட்டம், அதற்காக மனதில் வைத்திருந்த, ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் புகையில் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) கொண்ட ஆர்ஃபியஸ் எஞ்சின் கடைசி வரை வந்து சேரவில்லை. ஆளுக்கு 2,200 கிலோ உந்துவிசை தரும் சாதாரண ஆர்ஃபியஸ் 703 இரண்டை வைத்தே பறக்க வேண்டியதாயிற்று. அதனால் மாருத் என்றாலே "எஞ்சின் போதாத விமானம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் அந்த வரியைப் படித்துப் படித்து வளர்ந்தவன்தான்.

முதல் நன்றி, பெங்களூர் முருகேஷ்பாளையாவில் இருக்கும் ஐயாவுக்கு. வேலூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் பெங்களூருக்கு வந்து, ஆலையில் தகடு வேலையில் சேர்ந்து, மாருத் வரிசையாக நின்ற கொட்டகையில் பல வருஷம் நின்றவர். நான் கணினியில் வரைந்த பக்கவாட்டுப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரை விரலாலேயே தடவிக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் சிவப்புப் பேனாவை வாங்கி, எந்த மூடியை அடிக்கடி திறப்பார்கள், எந்த மூடியின் ஓரத்தில் வண்ணம் தேய்ந்து வெள்ளைத் தகடு தெரியும், மூக்கின் இரு பக்கமும் இருக்கும் 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளின் வாய்க்குப் பின்னால் புகைக்கரி எவ்வளவு தூரம் இழுக்கும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தார். இப்போது திரையில் விமானத்தின் அருகே போய்ப் பார்த்தால் அந்தக் கரிக்கோடு தெரிகிறது பாருங்கள், அது அவர் கையால் இழுத்த கோடு.

கிளம்பும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எஞ்சின் பத்தலைன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. கூடு எவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு யாராவது சொல்றாங்களா?"

இந்த வேலை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் என்ன, ஓட்டுவதற்கு ஜோராக இருக்குமே என்று கேட்டவர்கள் உண்டு. ஏற்றவில்லை. அதே 2,200 கிலோவில் அந்தக் கூடு, அதாவது எஞ்சின் நீங்கலான உடலும் இறக்கையும், என்ன செய்தது என்று காட்டினால்தான் மாருத், இல்லாவிட்டால் அது வேறு ஏதோ விமானம்.

அப்படிக் காட்ட முடிந்ததற்குக் காரணம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த தங்கை ஒருவர். ஃப்ளைட்கியரில் விமானத்தின் உருவம் தனி, பறக்கும் விதம் தனி. உருவத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை நிரலில் நான் செதுக்கிவிட்டேன். பறக்கும் விதம் ஜே.எஸ்.பி.சிம் என்ற கணிப்பு நிரலுக்குள் இருக்கிறது. அதற்கு நாம் கொடுப்பது வெறும் எண் அட்டவணைகள்தான்: இந்தக் கோணத்தில் இறக்கை எவ்வளவு தூக்கும், இந்த வேகத்தில் காற்று எவ்வளவு இழுக்கும், வாலைத் திருப்பினால் மூக்கு எவ்வளவு சீக்கிரம் எழும். தானாக அட்டவணை போட்டுக் கொடுக்கும் கருவி இருக்கிறது, அதில் எடையையும் இறக்கை அகலத்தையும் கொடுத்தால் ஏதோ ஒரு ஜெட் வரும். பறக்கவும் பறக்கும். தங்கை அதைப் பார்த்துவிட்டு "இது மாருத் இல்லண்ணா" என்றார், அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பித்தார். 9 மீட்டர் இறக்கை அகலம், கிட்டத்தட்ட 16 மீட்டர் நீளம், ஒலிவேகத்தை ஒட்டிய இழுவையைக் குறைக்க இடுப்பு ஒடுங்கிய உடல், எல்லாவற்றையும் நாசாவின் ஓபன்வி.எஸ்.பி. என்ற விமான வடிவமைப்பு நிரலில் மறுபடி கட்டி, காற்றோட்டத்தைக் கணக்கிட்டு, அந்த எண்களை எடுத்து வந்தார்.

அதில் அவர் அதிகம் மெனக்கெட்டது ஒலிவேகத்தை ஒட்டிய இழுவைக்கு. 0.9 மாக்கைத் (1 மாக் என்பது ஒலியின் வேகம்) தாண்டியதும் இழுவை எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது என்பதை அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, உயரத்தில் முழு வேகத்தில் நேராகப் போனால் 1.02 மாக் அருகே உந்துவிசையும் இழுவையும் சமமாகி வேகம் அங்கேயே நிற்கும்படி செய்தார். ஓட்டிப் பாருங்கள். வேகமுள் 1 மாக்கைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் நகர மனமில்லாமல் நிற்கும். ஆனால் கீழே வாருங்கள், 200 அடியில், பாலைவனத்துக்கு மேல், அங்கேதான் இந்தக் கூட்டின் அருமை தெரியும். காற்று எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும்.

அந்த உணர்வு சரியா என்று உறுதிசெய்தவர் ஓய்வுபெற்ற விமானி ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, இந்த மடலை அவருடைய மருமகள் படித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், தங்களுக்கும் நன்றி அம்மா. 1971 டிசம்பர் போரில் 10-ஆம், 220-ஆம் படைப்பிரிவுகளின் மாருத்துகள் ராஜஸ்தானிலிருந்து சிந்து எல்லைக்குள் தாழப் பறந்து தாக்கின. 300-க்கும் மேற்பட்ட முறை கிளம்பின, வான்சண்டையில் ஒன்றுகூட விழவில்லை. 220-ஆம் படைப்பிரிவின் கே.கே. பக்ஷி பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதும் மாருத்திலிருந்துதான். தரையிலிருந்து அடிபட்டு ஒரு எஞ்சின் போன பிறகும் மற்றதை வைத்துக்கொண்டு தளத்துக்குத் திரும்பிய மாருத்துகள் உண்டு. இரண்டு எஞ்சின்களும் உடலுக்குள் ஒட்டி ஒட்டி இருப்பதால், ஒன்று நின்றாலும் மூக்கு ஒரு பக்கமாக அதிகம் இழுக்காது. எங்கள் மாடலில் ஒன்றை அணைத்துவிட்டு அவரிடம் கொடுத்தோம். மகன் வீட்டு மேசையில், சாதாரண ஜாய்ஸ்டிக்கில் ஓட்டினார். இறக்கியும் விட்டார். பிறகு ஹைட்ராலிக் அழுத்தத்தையும் எடுத்துவிடச் சொன்னார். கையால் மட்டும் இயக்கும்போது ஸ்டிக் கனமாகி, விமானம் சொன்னதைத் தாமதமாகத்தான் கேட்க வேண்டும், எங்களுடையது உடனே கேட்டது. அவர் சொல்லச் சொல்லத் தங்கை எண்ணை மாற்ற, அவர் "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பொழுது சாய்ந்துவிட்டது. ஐயா, அந்தப் பொறுமைக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்.

படங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவர் மியூனிக்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி. ஜெர்மானியர் வடிவமைத்தது என்பதாலோ என்னவோ, மியூனிக்கை அடுத்த ஓபர்ஷ்லைஸ்ஹைமில் டாய்ச்சஸ் மியூசியத்தின் விமானக் கூடத்திலும் ஒரு மாருத் இருக்கிறது. பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும், கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும் இருப்பவற்றை நானே போய்ப் படமெடுத்தேன், ஆனால் காற்று உள்ளே போகும் வாயில் அரைக்கூம்பு ஒன்று இருக்கிறதே, அதன் வளைவு மட்டும் எந்தப் படத்திலும் பிடிபடவில்லை. தம்பியிடம் கேட்டேன், மழையில் ரயிலேறிப் போய், தடுப்புக்கு வெளியே நின்றபடியே பத்துப் பதினைந்து கோணங்களில், எங்கிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு அனுப்பினார். விமானத்தின் மேல் அவருக்குத் தனிப்பட்ட ஆர்வம் எதுவும் கிடையாது. "அண்ணை கேட்டவர், போனனான்" என்று முடித்துவிட்டார். அந்தக் கூம்பை ஒருமுறை எல்லோரும் கிட்டப் போய்ப் பாருங்கள்.

சத்தம் இங்கிலாந்திலிருந்து வந்தது. மாருத் எதுவும் இன்று பறப்பதில்லை, ஆனால் ஆர்ஃபியஸ் எஞ்சினின் இன்னொரு வகையோடு நாட் (Gnat) என்ற பயிற்சி விமானங்கள் அங்கே கண்காட்சிகளில் பறந்து வந்திருக்கின்றன. தான் பதிவுசெய்து வைத்திருந்த ஓசைகளை ஒரு விமானப் பிரியர் கேட்டவுடன் கொடுத்தார், எந்த நிபந்தனையும் இல்லை. ஒன்றை இரண்டாக்கி, இரண்டாவதைக் கொஞ்சம் சுருதி விலக்கி வைத்தோம். முருகேஷ்பாளையா ஐயாவுக்குப் போட்டுக் காட்டியபோது கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

சோதித்துப் பார்த்தவர்களுக்கு: பழைய மடிக்கணினியில் விமானி அறைக்குள் திரும்பினாலே படம் திக்கித் திக்கி நின்றதைச் சொன்ன திருநெல்வேலி நண்பருக்கு, இறங்கும்போது சக்கரம் ஓடுபாதைக்குள் புதைவதைக் கண்டுபிடித்த ஈப்போ அக்காவுக்கு, கருவிமுள்களைத் திருத்திக் கொடுத்த கல்லூரிப் பையன்களுக்கு, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் மேசையை நான் பிடித்துக்கொண்டதால் சமையலறை மேடையில் நின்றே தன் அலுவலக வேலையைப் பார்த்த என் மனைவிக்கும்.

ஒரு விஷயம் பலர் கேட்கிறீர்கள், ஆஃப்டர்பர்னர் பொருத்திய சோதனை மாருத்தை ஏன் சேர்க்கவில்லை என்று. அப்படி ஒரு சோதனை விமானத்தில் கிளம்பும்போதுதான் 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் இறந்தார். பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, முருகேஷ்பாளையா ஐயாவின் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. "அதை மட்டும் பண்ணாதீங்க தம்பி" என்றார் ஐயா. பண்ணவில்லை, இனியும் பண்ண மாட்டேன். உரிமம் திறந்திருக்கிறது, வேறு யாராவது செய்தால் நான் தடுக்க முடியாது, ஆனால் என்னிடம் கேட்காதீர்கள்.

அடுத்து இரட்டை இருக்கை மாருத். வயிற்றில் ராக்கெட் பெட்டி இருந்த இடத்தை எடுத்துவிட்டுப் பின்னிருக்கை வைத்த பயிற்சி விமானம், 18 மட்டுமே செய்தார்கள். வெளி உருவம் ஓரளவு வந்துவிட்டது, பின்னிருக்கையின் கருவிப்பலகைதான் கையில் இல்லை. உங்கள் அப்பாவோ, தாத்தாவோ, மாமாவோ அந்த விமானத்தோடு வேலை செய்திருந்தால், வீட்டு ஆல்பத்தில் மங்கலாக ஒரு படம் இருந்தாலும் போதும், அனுப்புங்கள். படத்தை ஸ்கேன் எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு.

அன்புடனும் நன்றியுடனும்,
ஓசூரிலிருந்து உங்கள் நண்பன்