கோடு போடுகிறவர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து

தொகுதி எல்லைகளைத் திருத்திப் போடுகிற மறுவரையறைக்கு உட்காரப்போகும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நான் பிறந்தது வேதாரண்யம், வாழ்க்கைப்பட்டது ஏற்காடு. அப்பா அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை பார்த்தவர். இங்கே புகுந்த வீட்டில் கொஞ்சம் காப்பி, ஊடே மிளகுக் கொடி. கடலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஓட்டு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே தலையெழுத்து.

வேதாரண்யம் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் வருகிறது. அதற்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். நாகப்பட்டினம், கீழ்வேளூர், வேதாரண்யம் ஒரு மாவட்டம். திருவாரூர், நன்னிலம், திருத்துறைப்பூண்டி இன்னொரு மாவட்டம். நன்னிலத்துக்காரருக்கு ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கவலை. வேதாரண்யம் பக்கத்து மீனவ ஊரான ஆற்காட்டுத்துறைக்காரருக்கோ, ராத்திரி போன படகு கரைக்குத் திரும்பியதா, இல்லை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதா என்று கவலை. இரண்டும் நியாயமான கவலைதான், ஆனால் இரண்டையும் டெல்லிக்குச் சுமந்துபோக ஒரே ஒரு எம்.பி., அதிலும் வயல்காட்டு ஊர்கள்தான் தொகுதியில் அதிகம்.

கல்யாணமான புதிதில் "சேலம் எம்.பி. யாரு அத்தை?" என்று கேட்டேன். மாமியார் சிரித்துவிட்டு, "நமக்குக் கள்ளக்குறிச்சிம்மா" என்றார். எனக்கு விளங்கவே இல்லை. கலெக்டர் சேலத்தில், ஆஸ்பத்திரி சேலத்தில், மிளகு விற்பதும் சேலத்தில், எம்.பி. தொகுதி மட்டும் நூறு கிலோமீட்டர் பக்கம் தள்ளி இருக்கிற ஊரின் பெயரில். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் சேலம் மாவட்டம். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம் மூன்றும் 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். இங்கேயும் மூன்றுக்கு மூன்று, பாருங்கள்.

எம்.எல்.ஏ. இருக்கிறாரே, போதாதா என்றால், போதாது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகளே ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். மக்களவையில் அப்படி ஒன்றுகூட இல்லை. காப்பி வாரியம் மத்திய அரசுடையது. காட்டில் வாழும் பழங்குடியினரின் நில உரிமைக்கான வன உரிமைச் சட்டம் 2006இல் நாடாளுமன்றம் போட்டது. கரையில் இலங்கைப் பிரச்சினையும் ரயிலும் டெல்லி சமாச்சாரம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகலப்பாதை ரயில் வந்ததே 2023இல்தான். ஓரத்தில் இருப்பவனுக்குத்தான் எம்.பி. அதிகம் தேவைப்படுகிறார்.

ஜனத்தொகையை வகுத்துக் கோடு போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நில அமைப்பு, மாவட்ட எல்லை, போக்குவரத்து, பொதுமக்கள் வசதி எல்லாம் பார்க்க வேண்டும் என்று 2002ஆம் வருட மறுவரையறைச் சட்டமே சொல்கிறது. கடலோரத்தை மட்டும் தனியாகப் பிரித்தால் ரிப்பன் மாதிரி நீளமாக ஒரு தொகுதி வரும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எம்.பி.க்கு ஒரு நாள் ஆகும், தெரியும். எனக்கென்னவோ அந்த ரிப்பனே பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஏற்காட்டைச் சேலத்தோடு வைப்பதில் அந்தச் சிக்கலும் இல்லை.

கேட்பது ஒன்றுதான். பொதுமக்கள் கருத்தைக் கேட்க நீங்கள் உட்காருவீர்கள் அல்லவா, அதில் ஒரு அமர்வை ஏற்காட்டிலும் ஒன்றை வேதாரண்யத்திலும் வையுங்கள். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1930இல் திருச்சியிலிருந்து உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்தே வந்தார். உங்களுக்குக் கார் இருக்கிறது. நவம்பர், டிசம்பர் மட்டும் வேண்டாம். இங்கே மழையில் மலைப்பாதை சரியும், அங்கே புயல் நேரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியது எங்கள் ஊர்ப் பக்கம்தான். மாசி, பங்குனியில் வாருங்கள், உப்பு விளைகிற நேரம்.