சனிக்கிழமைச் சாளை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. வெள்ளிக்கிழமை போனில் நீ விஷயத்தைச் சொன்னதும் "நல்லது, செய்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டு உங்கம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அப்பா பட்டும் படாமலும் பேசுகிறார் என்று அவளிடம் குறைப்பட்டாயாம். சொல்ல நிறைய இருந்ததால்தான் சொல்லவில்லை. போனில் ஆரம்பித்தால் நடுவில் பேத்தி பிடுங்கிக்கொள்வாள், அப்புறம் பூனைக்குட்டிக் கதைதான். அதனால் உட்கார்ந்து தாளில் எழுதுகிறேன். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவேன். மருமகளையும் படிக்கச் சொல். முக்கியமாக அவளை.

உன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். கெட்ட கொழுப்பு 168, கல்லீரலில் கொழுப்புப் படிவு. 34 வயசுக்கு இது அதிகம்தான். "அப்பா மாதிரி சைவத்துக்கு மாறிடலாம்னு இருக்கேன்" என்றாய். அந்த "அப்பா மாதிரி"தான் எனக்குக் குறுகுறுக்கிறது. நாலு வருஷத்தில் நீ இரண்டு தடவை ஊருக்கு வந்தாய். வந்தபோதெல்லாம் நான் கீரையும் காயுமாகத் தட்டு வைத்துக்கொண்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். நடுவில் நடந்தது உனக்குத் தெரியாது.

2021இல் நெஞ்சு ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தபோது டாக்டர் என்னை அசைவத்தை விடச் சொல்லவே இல்லை. ஆட்டுக்கறியைக் குறைங்க, கருவாடு வேண்டாம், மீனைப் பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்க, தினம் நடங்க என்றார். முழுசாக விட்டது என் முடிவு. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்பார்கள். எனக்கு வந்தது ஆஞ்சியோ வைராக்கியம். தவிர, எனக்கு அளவு வராது. சீலா மீன் வறுவல் ஒரே ஒரு துண்டு என்று உட்கார்ந்தவன் என்றைக்கு ஒரு துண்டோடு எழுந்திருக்கிறேன்? பீடியை விட்டதும் அப்படித்தான், ஒரே நாளில். வடலூர் போய் ஞானம் பெற்று வந்தவனைப் பார்ப்பதுபோல் தெருவில் சிலர் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஜீவகாருண்யம் எல்லாம் இல்லை, வெறும் பயம்.

முதல் ஆறு மாசம் நான் சாப்பிட்டதைக் கேள். காலையில் ஐந்து இட்லி. பதினொரு மணிக்கு இரண்டு உளுந்தவடை, சைவம்தானே என்று. மத்தியானம் மீன் இல்லாத தட்டு வெறிச்சென்று தெரியும். அதை நிரப்பச் சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு, தொட்டுக்க உருளைக்கிழங்குப் பொரியல், நாலு அப்பளம். சாயந்தரம் கடைத்தெருப் பக்கம் போனால் மக்ரூன். (அதில் முட்டை வெள்ளைக்கரு இருப்பது தூத்துக்குடிக்காரன் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த ஆறு மாசம் மறந்துபோயிருந்தது.) கருவாட்டோடு போன உப்பு ஊறுகாயாகவும் மோர்மிளகாயாகவும் திரும்பி வந்தது.

ஆறு மாசம் கழித்து ரத்தம் கொடுத்தேன். மூன்று மாசச் சராசரிச் சர்க்கரை 7.2 இருந்தது 8.5க்குப் போயிருந்தது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 290. நான் மெடல் வாங்கப்போகிறவன் மாதிரி போய் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மீன் இருந்த இடத்துல சோத்த வச்சிட்டீங்க. இதுக்கு அந்த மீனே தேவலாம்" என்றார்.

பாளையங்கோட்டையில் என்கூட வேலை பார்த்த பிள்ளைவாள் ஒருவர் உண்டே, உனக்கு ஞாபகம் இருக்கும். தலைமுறை தலைமுறையாக முட்டை உடைக்காத வீடு. அவருக்கு எனக்கு முந்தியே பைபாஸ் ஆகியிருக்கிறது. அவர் வீட்டுச் சொதியை நீ சாப்பிட்டிருக்கிறாய். தேங்காய்ப்பால் ஒரு சட்டி போகும். அந்தச் சொதிக்கு என் ஸ்டென்டையே எழுதிவைக்கலாம், அது வேறு விஷயம். சைவம் என்ற பேரே நெஞ்சைக் காப்பாற்றிவிடாது என்று அவரைப் பார்த்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

அதற்கப்புறம் உங்கம்மா அடுப்படியைக் கையில் எடுத்தாள். சோற்றுக்கு ஒரு கிண்ணம் வைத்தாள், அதைத் தாண்டிக் கிடையாது. காணம் (கொள்ளு), பெரும்பயறு, சிறுபயறு, கொண்டைக்கடலை என்று வரிசையாக டப்பா வந்தது. சிறுபயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து, என் பழைய வேட்டித் துண்டில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மறுநாள் அவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் வெள்ளை வால் முளைத்திருக்கும். அதில் எலுமிச்சை பிழிந்து, தேங்காய் ஒரு சிட்டிகை மட்டும்.

என் பங்குக்கு நான் கணக்குப் போட்டேன், கணக்கர் வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன தெரியும். உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. தானியமும் பருப்புமே கதி என்றால் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். என் எடை 70. ஆக 58 கிராம். துவரம்பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு உங்கம்மா போடுவதே 100 கிராம் பருப்பு, அதை இரண்டு பேரும் இரண்டு வேளை ஊற்றிக்கொள்கிறோம். ஆளுக்கு 11 கிராம். மிச்சத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் அந்த டப்பாக்கள், தயிர், கடலை எல்லாம். சாம்பார் ஊற்றிக்கொண்டால் பருப்பு சாப்பிட்டாச்சு என்று இந்த ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வருஷம் சர்க்கரை 6.8க்கு இறங்கியது. எடை ஆறு கிலோ குறைந்தது. இதைத்தான் நீ வந்தபோது பார்த்தாய்.

ஒன்று சொல்கிறேன், யூடியூபில் ஒருத்தர் சொன்னார் என்று எனக்கு நீ ஒரு வீடியோ அனுப்பினாயே, சைவம் சாப்பிட்டால் அடைப்பே கரைந்துவிடும் என்று. அதற்கு மூலம் டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க டாக்டர் 1990இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட ஆய்வு. மொத்தமே 48 நோயாளிகள். அதில் ஒரு பகுதியினருக்குக் கொழுப்பை வெகுவாகக் குறைத்த சைவச் சாப்பாடு கொடுத்தார்கள், ஒரு வருஷத்தில் அவர்களுக்கு அடைப்பு கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் சிகரெட்டையும் விட்டார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், மனசை அமைதிப்படுத்தப் பயிற்சி எடுத்தார்கள், கூட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீடியோக்காரர் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் பீடியை விட்டதையும் தருவைக்குளம் ரோட்டில் தினம் நடப்பதையும் கொழுப்பு மாத்திரையையும் கழித்துவிட்டு, வெண்டைக்காய்க்கு மட்டும் மாலை போட்டால் எப்படி?

2023 வாக்கில் எனக்குப் பாதம் எரிய ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடந்து வருவேன். பேர் மறந்தது, சாவி மறந்தது. சர்க்கரைக்காரனுக்கு இது வரும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு நாலு மாசம் சும்மா இருந்தேன். பார்த்த இன்னொரு டாக்டரும் நரம்பு மாத்திரை ஒன்றை எழுதி அனுப்பிவிட்டார். கடைசியில் பி12 வைட்டமின் அளவு பார்த்தபோது 148. 200க்குக் கீழே போனாலே குறை என்கிறார்கள். இந்த பி12 கறி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. காய்கறியிலும் பருப்பிலும் கிடையாது. நான் மீனை விட்டவன், பாலும் சர்க்கரைக்குப் பயந்து குறைத்தவன், போதாததற்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவன். அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வதே குறையும். மூன்று வாசலும் அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஊசி போட்டார்கள், இப்போது மாத்திரை. எரிச்சல் முக்கால்வாசி போய்விட்டது. இடது பெருவிரல் மட்டும் இன்னும் என்னுடையது மாதிரி இல்லை.

இதுவரை எழுதியது என் உடம்பு. இதற்கு மேல் எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் மீனை விட்ட அன்றைக்கு உங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் திரேஸ்புரத்துக்காரி. கடல் காற்றில் பிறந்தவள். ஒரு ஆளுக்காக எதுக்குத் தனிச் சட்டி, வாடை உங்களுக்குக் கஷ்டமா இருக்கும் என்று அவளும் நிறுத்திக்கொண்டாள். நான் அதைப் பெருமையாக வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எங்க வீட்டில் ரெண்டு பேருமே விட்டுட்டோம் என்று. எனக்குப் பயறு முளைகட்டியவள் தான் என்ன சாப்பிட்டாள் தெரியுமா? மிஞ்சின சோறு, ரசம், ஒரு துண்டு ஊறுகாய். சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் காப்பி. போன வருஷம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஹீமோகுளோபின் 8.9.

வேறு ரத்தப்போக்கு எதுவும் உண்டா என்று எல்லாம் பார்த்தார்கள், இல்லை. இரும்புச்சத்துக் குறை. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு, மீனிலும் கறியிலும் இருப்பதுபோல் சுலபத்தில் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் ஒட்டும். சாப்பாட்டோடு காப்பி டீ குடித்தால் அதுவும் போகும். இவ்வளவும் டாக்டர் எங்களிடம் பத்து நிமிஷத்தில் சொன்னார். எதிர்வீட்டு அக்கா ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி வதக்கிக் கொடுங்க என்றாள். உங்கம்மா எதற்கும் தலையாட்டவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறின பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "சாளைக் குழம்பு வச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டாள். 36 வருஷம் என் வீட்டில் சமைத்தவள், என்னிடம் அனுமதி கேட்கிறாள்.

அதனால் தம்பி, நீ சைவத்துக்கு மாறு, அது உன் இஷ்டம். மருமகளும் பேத்தியும் அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும். பேத்திக்கு நாலு வயசு, அவள் முட்டையில் நீ கை வைக்காதே. உனக்குத் தனியாக வேண்டியதை நீயே செய்துகொள். ஷார்ஜாவில் கொண்டைக்கடலை கிடைக்காமலா போகும்? ஊறவைத்துக் குக்கரில் நாலு விசில் விடுவதற்கு எம்பிஏ படித்திருக்க வேண்டியதில்லை. அங்கே பூல் என்று ஒரு பெரும்பயறு மாதிரி அவித்துக் காலையில் சாப்பிடுகிறார்களாமே, அதுவும் நல்லதுதான். பரோட்டாவும் பன்னீர் பட்டர் மசாலாவும்கூடச் சைவம்தான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கரக் சாய் என்கிற பால்டீயை ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறாய் என்று உங்கம்மா கேட்கச் சொன்னாள். உன் கல்லீரலுக்கு ஆட்டைவிடச் சர்க்கரை பெரிய எதிரி என்று எனக்குச் சந்தேகம். ஃப்ரீசரில் சாசேஜ் வைத்திருந்தாயே, அதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிடு. பதப்படுத்திய கறி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இலேயே சொல்லிவிட்டது. மாறுவதற்கு முன்னால் பி12 ஒரு தடவை பார்த்து எழுதி வைத்துக்கொள். டாக்டர் கொழுப்பு மாத்திரை கொடுத்தால் சாப்பிடு.

எடையைக் குறை. 91 கிலோவில் ஒரு எட்டு கிலோ போனாலே ஈரல் பாதி தேறும் என்று என் டாக்டர் சொல்கிறார். அதற்குக் கறியை விடுவது உதவினால் விடு. எனக்கு உதவியது. அளவு வராதவனுக்கு முழுசாக விடுவது சுலபம். உனக்கு அளவு வரும் என்று நினைக்கிறேன், நீ உங்கம்மா பிள்ளை.

இப்போது சனிக்கிழமை காலையில் கரைக்குப் போவது நான்தான். முதல் நாள் போனபோது மீன்காரம்மா சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, சாமியாராயிட்டீங்கன்னாவ, இங்க என்ன சோலி?" ஒரு ஆளுக்கு அரைக் கிலோ சாளை. வாங்கிவந்து பின்வாசலில் உட்கார்ந்து நானே செதில் எடுத்து, குடல் உருவி, கல்லுப்பு போட்டு உரசிக் கழுவித் தருகிறேன். மூன்று வருஷம் தொடாத கைக்கு வாடை முதலில் குமட்டியது. இப்போது பழகிவிட்டது. உங்கம்மா வாசற்படியில் நின்று, தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் அறுங்க என்று மேஸ்திரி வேலை பார்ப்பாள். ஹீமோகுளோபின் 11.2க்கு வந்திருக்கிறது. இரும்பு மாத்திரையும் போடுகிறாள். காப்பியை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்க மாட்டேன் என்று சண்டை.

நீங்கள் மே மாசம் வருவதாகச் சொன்னாய். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, வள்ளத்து மீன்தான், விலையும் கூடத்தான் இருக்கும். பேத்தி நண்டு கேட்டாளாம். மீன்காரம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா