இடாப்பில் விழும் அந்த இரண்டு நாட்கள்: வன்னிப் பாடசாலை அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிபர்களே, பணிப்பாளர்களே,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்துகின்ற உங்கள் அனைவருக்கும் வணக்கம். நான் வன்னியில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியை. பெயர் வேண்டாம். மாணவிகளின் மாதவிடாய் வலியைப் பற்றி நான் சொல்லப்போவது எந்தப் பாடசாலைக்கும் பொருந்தும்.

சென்ற தவணை முடிவில் வகுப்பு வரவு இடாப்பைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தியின் வரியில் கண் தங்கிவிட்டது. ஜனவரியில் அடுத்தடுத்து இரண்டு நாட்கள் அவள் வரவில்லை. பெப்ரவரியில் இரண்டு நாட்கள், மார்ச்சில் இரண்டு நாட்கள். எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய 28 நாட்களுக்கு ஒரு தடவை. அவளுக்குச் சற்றுக் கீழே இன்னொருத்தியின் வரி. அதில் எந்த ஒழுங்கும் இல்லை. மூன்று கிழமையில் ஒரு தடவை, பிறகு இரண்டரை மாதம் ஒன்றும் இல்லை, பிறகு ஒரேயடியாக ஆறு நாட்கள். தாய்மார் எழுதியனுப்பிய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல், வயிற்றுக்குத்து, உறவினர் வீட்டு விசேடம். அந்த இடாப்பில் ஒவ்வொரு நாளும் குறியிட்டது என் கைதான். ஒரு நாளாவது அதை நான் வாசிக்கவில்லை.

எனக்கே தெரியாமல் போனதுதான் என்னைச் சுட்டது. ஏனென்றால் அந்த வரி என்னுடைய வரி.

1996 ஆம் ஆண்டு கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, மல்லாவிப் பக்கம் யாரோ ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருந்தபோது நான் பெரியபிள்ளையானேன். அந்த நிலையிலும் அம்மா எங்கோ கடன் வாங்கிப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார், உழுத்தங்களி கிண்டித் தந்தார். அந்த அக்கறையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஒரு வருடம் கழித்து வலி தொடங்கியது. நாரியில் பிடித்துத் தொடை வரை இறங்கும். முதல் நாள் சத்தி எடுப்பேன். மரத்தின் கீழ் நடந்த வகுப்பில், மேசையின் விளிம்பை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு குனிந்திருப்பேன். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் வயிற்றில் குறுக்கே ஒரு சிவந்த கோடு இருக்கும். கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, பல்லைக் கடித்துக்கொண்டு இரு. பெரியவளானதும், கலியாணம் கட்டினால் மாறிவிடும் என்றார்கள். கட்டிய பிறகு, ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

2009 இன் முதல் மாதங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. பங்கருக்குள் இருந்த பெண்கள் சேலைத் துணியைக் கிழித்துப் பகிர்ந்துகொண்டதை உங்கள் வீட்டுப் பெண்களும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த மாதங்களில் மாதவிடாய் நின்றே போனது. பசியிலும் பயத்திலும் உடல் மெலியும்போது, மூளை சூலகத்துக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திக்கொள்ளும் என்று பின்னர் படித்து அறிந்தேன். அப்போது, இந்த மாதம் வலி இல்லை என்று மட்டும் நினைத்தேன்.

2015 இல், என் 32 ஆவது வயதில், ஒரு பெண் மருத்துவர் நான் சொன்னதை முழுவதுமாகக் கேட்டார். ஸ்கான் எடுத்தார்கள், பிறகு கமெரா விட்டுப் பார்த்தார்கள். எண்டோமெற்றியோசிஸ் என்றார்கள். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வளர்ந்து, மாதாமாதம் அங்கே புண்ணாகி ஒட்டிக்கொள்ளும் நோய் அது. பிள்ளைபெறும் வயதில் உள்ள பெண்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு இது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகெங்கும் இதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்காகிறது என்றும் சொல்கிறது. எனக்குப் 18 வருடங்களாயின. அந்த 18 வருடங்களில் ஏறத்தாழ ஐந்தைப் பாடசாலையில் கழித்தேன். ஒரு ஆசிரியர் கூட ஏன் என்று கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானே ஆசிரியையான பிறகு, இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியில், நாரி உளைகிறது ரீச்சர் என்று சொன்ன பிள்ளையை, ஓடினால் சரியாகிவிடும் என்று ஓடவிட்டேன். அவள் மைதானத்தின் ஓரத்தில், வேம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். அதன் பிறகு என் பாடத்துக்கு வரும் நாட்களில் அவள் என்னிடம் ஒன்றுமே சொன்னதில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். மாதவிடாய் வலி எல்லாப் பெண்களுக்கும் உள்ளது என்ற வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியில்தான் பிள்ளைகள் தொலைந்து போகிறார்கள்.

உள்ளது என்ற பாதி இதுதான். கருப்பையின் உட்சுவர் கழலும் நேரத்தில் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்குகிறது. அது கூடுதலாகச் சுரந்தால் வலியும் கூடும். சத்தியும் வயிற்றோட்டமும் வருவதற்கும் அதுவே காரணம். ஐபூபுரோபன், மெபனமிக் அசிட் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் உருவாவதையே குறைப்பவை. ஆகவே வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு விழுங்குவதைவிட, தொடங்குகிற நேரத்திலேயே, வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால்தான் பலன். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் போத்தல் வைப்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, வெப்பம் வலியைத் தணிக்கும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பெரியபிள்ளையாகி முதல் இரண்டு மூன்று வருடங்களில் நாட்கள் முன்பின்னாவதும் இயல்பே. 21 நாட்களிலிருந்து 45 நாட்கள் வரை போகலாம். இதைத் தெரிந்துகொண்டாலே பல பிள்ளைகளின் பாதிப் பயம் போய்விடும்.

இனி, இயல்பு என்று விட்டுவிடக் கூடாதவை. மாத்திரை எடுத்தும் எழும்ப முடியாத வலி. மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும் வலி. மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருப்பது, அல்லது மூன்று கிழமைக்குள் திரும்பத் திரும்ப வருவது. ஏழு நாட்களைத் தாண்டும் போக்கு. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஒரு நாப்கின் நனைந்துவிடுவது. இவற்றின் பின்னால் பி.சி.ஓ.எஸ் என்ற ஹோர்மோன் கோளாறு இருக்கலாம், தைரொயிட் கோளாறு இருக்கலாம், இரத்தம் உறையாத குறைபாடு இருக்கலாம், எனக்கு இருந்தது போலும் இருக்கலாம். நிறையப் போகும் பிள்ளைக்கு இரத்தச்சோகையும் சேர்ந்துகொள்ளும். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைக்குச் சாப்பிடாமல் வந்தாயா என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் நிறுத்தினேன்.

வன்னியில் இதைக் கண்டறிய வசதி இல்லை என்று சொல்ல முடியாது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் 2024 இல் பெண்கள் நலத்துக்கென்றே சிறப்பு மையம் திறந்திருக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் ஊருக்கு ஊர் வருகிறார். ஆனால் சுகவனிதையர் கிளினிக் என்றால் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு என்றுதான் சனம் நினைக்கிறது. 15 வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன கதைக்கும் என்று தாய்க்குப் பயம். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ கிளிநொச்சிக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும், ஒரு நாள் கூலியும் போய்விடும். போய் நின்றதும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முதல் எப்போது என்பதுதான். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்தக் கேள்விக்கான விடையில் பாதி நம்முடைய அலுமாரியில், இடாப்பில் இருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான். தவணைக்கு ஒரு தடவையாவது வகுப்பாசிரியையோ ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையோ பெண் பிள்ளைகளின் வரவைக் கண்ணால் ஓட்டிப் பார்க்கட்டும். மாதாமாதம் இடைவெளி தெரிந்தால், அல்லது ஒழுங்கில்லாமல் நீண்ட இடைவெளி தெரிந்தால், பிள்ளையைத் தனியாக அழைத்துக் கேட்கட்டும். தாயின் சம்மதத்தோடு திகதிகளை ஒரு தாளில் எழுதி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் பாடசாலையின் பெயரில் ஒரு கடிதம் கொடுக்கட்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் குழுவிடமும் இதைக் கேட்கச் சொல்லுங்கள். கண், காது, பல் பார்க்கிறார்கள். கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் இதையும் கேட்டால் போதும்.

ஆண் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நல்ல மனதுடையவர்கள். பிள்ளை எழுந்து நின்றதும் என்ன விடயம் என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி விசாரிப்பது கெட்ட எண்ணத்தால் இல்லை, தெரியாமைதான். காரணம் கேட்காமல் அனுப்பலாம் என்று நீங்கள் ஒரு ஆசிரியர் கூட்டத்தில் சொன்னால் அது முடிந்துவிடும். பாடப்புத்தகத்தில் இந்த அலகு வரும்போது, வீட்டில் வாசியுங்கள் என்று பக்கத்தைப் புரட்டுவதையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்க வேண்டும். நாளை அவர்கள்தான் கணவன்மாராகவும் தந்தைமாராகவும் பஸ் கட்டணம் கொடுத்து அனுப்பப் போகிறவர்கள்.

நாப்கினுக்காக 2024 இல் அரசாங்கம் பாடசாலை மாணவிகளுக்கு வவுச்சர் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் நாப்கின் இருந்தும், கொண்டி இல்லாத கதவும் தண்ணீர் வராத குழாயும் உள்ள மலசலகூடத்தில் அதை மாற்ற முடியாது. இதை நான் விரித்து எழுத வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்.

இடாப்பைப் பார்த்த பின் அந்தப் பத்தாம் தரப் பிள்ளையின் தாயை வரச் சொன்னேன். கச்சான் பிடுங்கும் கூலி வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். விரல் நகங்களில் செம்மண். நான் பிள்ளையின் திகதிகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படித்தான் ரீச்சர், இவள் பிறந்த பிறகும் நிற்கவில்லை என்றார். எண்டோமெற்றியோசிஸ் தாயிடமும் இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்புக் கூடும் என்று அவருக்கு மெதுவாகச் சொன்னேன். மகளுக்கு என்ன என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் அவர் எழும்பும்போது அந்தக் கொப்பியில் இன்னொரு தாளைக் கேட்டு வாங்கி, மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் பக்கத்தில் உடைந்த கதிரைகள் போட்டுப் பூட்டிய சிறிய அறை ஒன்று இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, வெந்நீர் வைக்க ஒரு மின்கேத்தல், மூடியுள்ள ஒரு வாளி போதும். கட்டிலைத் தருவதாகப் பழைய மாணவி ஒருவர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வந்து கூட்டிக் கழுவ ஆறு தாய்மார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சாவி கந்தோர்ச் சுவரில் தொங்குகிறது. அனுமதி மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
வன்னிப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி