கோஸோவில் நடக்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். ஏப்ரலில் நீயும் மீனாவும் மால்டா போவதாக எழுதியிருந்தாய். நடக்க அதைவிட நல்ல மாதம் கிடையாது. மே முடிந்தால் புல்பூண்டெல்லாம் கருகி, நிழலில்லாத வெயில்தான் மிஞ்சும். கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்றால் அக்டோபருக்குத் தள்ளிப்போடு. ஏப்ரலில் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

மால்டா நாட்டின் இன்னொரு தீவான கோஸோவை மட்டும் ஒருநாள் சுற்றுலாவாக வைத்துக்கொள்ளாதே. பகலில் வருகிற கூட்டம் சாயங்காலப் படகில் திரும்பிவிடும்; அதன் பிறகுதான் தீவு தன் இயல்புக்கு வரும். நான்கு இரவாவது தங்கு. மால்டாத் தீவின் சிர்கேவ்வா துறையிலிருந்து கோஸோவின் இம்ஜார் துறைக்குப் படகில் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் காசு. கோஸோவின் முக்கிய ஊரான விக்டோரியாவில் அறை எடுங்கள். ஊர்க்காரர்கள் அதை ரபாத் என்பார்கள். பெரும்பாலும் எந்தப் பஸ்ஸும் அங்கே வந்துதான் பிரியும்.

முதல் நாளே துவெய்ரா முதல் மார்சல்ஃபோர்ன் வரை வடமேற்குக் கரையோரம் நடந்துவிடுங்கள். பலரும் எதிர்த்திசையில் நடப்பார்கள். அங்கே அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. துவெய்ராவிலிருந்து கிளம்பினால் அது இடப்பக்கமும் சற்று முதுகுப்பக்கமுமாக இருக்கும், முகத்தில் அடிக்காது. முடிகிற இடத்தில் சாப்பாடும் பஸ்ஸும் உண்டு. நடுவே கடையே கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும், காலையில் வாங்கிய ஃப்தீரா ரொட்டியும் பையில் இருக்கட்டும். சைவமென்றால் உள்ளே மீன் வைக்காமல் கேட்டு வாங்கு.

துவெய்ராவில் புகழ்பெற்ற கல்வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. அதற்காக அந்த இடத்தைத் தவிர்த்துவிடாதே. குனிந்து தரையைப் பார்: பாறை மேல்பரப்பில் பிஸ்கட் மாதிரி வட்டவட்டமாகப் பதிந்திருப்பவை தட்டையான கடல்முள்ளெலிகளின் புதைபடிவங்கள். அந்தப் பாறை கரடுமுரடு, கைபட்டால் கிழிக்கும். கெட்டி அடியுள்ள ஷூ இல்லாமல் வராதே.

கடல் இடப்பக்கமே இருக்கட்டும். பிறகு வலப்பக்கக் குன்றில் 1853-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் தெரியும். ஆஸ்ரி ஓடையைக் குறுக்கே கடக்க வழியில்லை. உள்பக்கமாகச் சுற்றித்தான் போகவேண்டும். படியிறங்கினால் செங்குத்துப் பாறைகளுக்கிடையே ஒடுங்கிய கடல்நாக்கு. அலை பெரிதாக இருக்கும் நாளில் இறங்கவேண்டாம்.

அதைத் தாண்டினால் ஷ்வெய்னி உப்புப் பாத்திகள். மண் பாத்தி அல்ல, மஞ்சள் நிற மென்கல்லில் வெட்டியவை. கோடையில் கடல்நீர் வற்றியதும் உப்பைக் கூட்டி அள்ளுவார்கள். ஏப்ரலில் தண்ணீர்தான் நிற்கும். ஆனாலும் உள்ளே கால் வைக்காதே, வரப்பு உதிரும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பாத்தியும் தனித்தனியாக மின்னும். அந்த நேரத்துக்கு அங்கே இருக்கும்படி கிளம்பு.

மார்சல்ஃபோர்னிலிருந்து கிழக்கே ரம்லா, சான் பிளாஸ் கடற்கரைகள் பக்கம் போவது மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அந்தச் சரிவு நீலக் களிமண். மேலேயுள்ள சுண்ணாம்புக்கல் வழியே இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் அங்கேயே ஊறும். அதனால்தான் அந்தப் பள்ளத்தாக்குகள் பச்சையாக இருக்கின்றன. அதனால்தான் ஈரத்தில் கால் வழுக்குகிறது, ஷூவில் கட்டி கட்டியாக ஒட்டுகிறது. காய்ந்தால் சுலபமான நடை. ரம்லாவின் செம்மணலைப் பார்க்காமல் வராதே.

சுவர்களில் ஆர்.டி.ஓ. (RTO) என்று பெயின்டில் எழுதியிருக்கும். ‘ரிசர்வாட்டோ’, அதாவது ‘ஒதுக்கப்பட்டது’ என்பதன் சுருக்கம். இடம் தனியாருடையது என்கிற அறிவிப்பு, பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் எழுதுவது. பாதையை விட்டு வயலில் இறங்காமல் போனால் போதும்.

கால் வலிக்கிற நாளுக்கு ஷாரா ஊரின் ஜிகான்தியா கோயில்களை வைத்துக்கொள். கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கியவை. வெளிச்சுவருக்குக் கரடான கல், உள்ளே வாசலுக்கும் பலிபீடங்களுக்கும் மென்கல். துவெய்ராவிலும் ஷ்வெய்னியிலும் இருவகைக் கல்லையும் தொட்டுப் பார்த்தபின் போனால், எதை எங்கே வைத்தார்கள், ஏன் என்பது கண்ணுக்குத் தெரியும்.

போகும் தேதி முடிவானதும் எழுது. மீனாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராகவன்