நாலு சீட்டு, ஒரே மறைப்பு

தங்கச்சிமடம்

அன்புள்ள ஜமால்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிரசவத்துக்குத் தொண்டி வந்திருப்பதைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் சுகம். வாடை இன்னும் அடங்கவில்லை. நாட்டுப்படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்துக்கும் ஓட்டு மெஷின் கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மனு போடப் போகிறோம், நீயும் கையெழுத்துப் போடு என்கிறாய். போடுகிறேன். ஆனால் மெஷினை முதல் வரியில் வைக்காதே மாப்ள. தொண்டி பேரூராட்சி என்பதால் உனக்கு ஒரே ஓட்டு: வார்டு கவுன்சிலருக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்துவிடுவாய், தலைவரைக் கவுன்சிலர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ஊராட்சியில் ஒரு ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டு வந்துவிட்டால் இரண்டாவது வார்டுக்கு இளநீலம். முதல் இரண்டு பதவிக்குக் கட்சி கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ மாதிரிச் சுயேச்சைச் சின்னம்தான். மற்ற இரண்டிலும் கட்சிச் சின்னம். கட்சிச் சின்னத்தையே தேடிப் பழகிய கண் வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் தடுமாறி நிற்கிறது. வரிசை அங்கேதான் தேங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார். ஒரு சாவடியில் 800 ஓட்டு, 600 பேர் வருகிறார்கள் என்று வை. காலை 7 முதல் மாலை 5 வரை 600 நிமிஷம். நாலு சீட்டிலும் சின்னம் தேடி, குத்தி, மடிக்க ஒருவருக்கு ஒன்றரை நிமிஷம் என்றாலும் மொத்தம் 900 நிமிஷம். ஆள் உள்ளே நின்று ரகசியமாகக் குத்துகிற அட்டை மறைப்பு ஒன்றே ஒன்று இருந்தால் 400 பேருக்கு மேல் முடியாது. மீதி 200 பேர் மாலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு இருட்டில் நிற்பார்கள். அட்டையில் இன்னொரு மறைப்பும் இன்னொரு முத்திரையும் வைத்தால் அதே வேலை 450 நிமிஷத்தில் முடிகிறது. மனுவின் முதல் வரி இதுதான்: 400 பேருக்கு மேல் வரக்கூடிய சாவடி ஒவ்வொன்றிலும் இரண்டு மறைப்பு. கடற்கரைப் பள்ளிக்கூடங்களில் ஜன்னல் வழியாக வாடைக்காற்று வந்து அட்டையைச் சாய்த்துவிடும். காலடியில் இரண்டு மணல் பை வைக்கச் சொல்லி அதையும் சேர்த்து எழுது.

அடுத்தது மடிப்பு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முத்திரையைக் குத்தியதும் சீட்டை முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், பிறகுதான் குறுக்கே. முதலிலேயே குறுக்கே மடித்தால் காயாத மை அடுத்த வேட்பாளர் சின்னத்தின் மேல் ஒட்டும். அந்த அம்புக்குறி முத்திரையின் கைகள் ஒரே பக்கமாகச் சுழல்வது அழகுக்காக இல்லை. மை ஒட்டி விழுந்த நகல் எதிர்ப்பக்கம் சுழலும், எண்ணுகிறவர் எது குத்தியது, எது ஒட்டியது என்று பிரித்துவிடலாம். ஆனாலும் மேஜையில் ஏஜென்டுகள் சண்டைக்கு நிற்காமல் இருப்பார்களா? சிலர் நாலு சீட்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துப் போட்டுவிடுகிறார்கள். பெட்டி வாயில் சிக்குகிறது, எண்ணுமிடத்தில் மஞ்சளுக்குள் வெள்ளை ஒளிந்துகொள்கிறது. மை ஒத்தும் அட்டைக்கு நேர் மேலே, எப்படி மடிப்பது என்று இரண்டு படம் போட்ட ஒரு தாள் ஒட்டினால் போதும். செலவு ஒரு ஜெராக்ஸ்.

600 பேர் வந்த சாவடியிலிருந்து 2,400 சீட்டு. முதலில் நிறம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, 48 கட்டு ஆன பிறகுதான் யாருக்கு எத்தனை என்ற பேச்சே எழும். நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் 429. 2020 ஜனவரி 2 காலை தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் ஓடியது அதனால்தான். மெஷின் உண்மையில் உதவுகிற இடம் இதுதான், ஆகவே அது மனுவில் இருக்கட்டும். ஆனால் நகராட்சிக்கு வந்த மெஷினை அப்படியே கேட்காதே, கேரளாவில் ஓடுவதைக் கேள். அங்கே கிராமத்தில் மூன்று அடுக்கு. ஒரே கட்டுப்பாட்டுக் கருவியில் சின்னமும் பொத்தானும் உள்ள மூன்று வாக்குப் பெட்டிகள், கிராமத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு இளஞ்சிவப்பு, ஜில்லாவுக்கு இளநீலம். மூன்றிலும் அமுக்கினால்தான் நீளமாகப் பீப் வரும். ஒன்றை விட்டுவிட நினைத்தால் 'எண்ட்' பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காமல் நடந்துவிட்டால் மெஷின் அடுத்த ஆளுக்குத் திறக்காமல் நிற்கும். நமக்கு நாலு பெட்டி வேண்டும். வரிசையில் நிற்கும் கிழவிகளுக்கு இதை ஒரு மாதம் முன்பே சந்தையில் வைத்துப் பழக்காவிட்டால் காகிதமே மேல். இன்னொன்று: 2022 நகர்ப்புறத் தேர்தலில், யாருக்குப் போட்டோம் என்று காட்டும் ஒப்புகைச் சீட்டுக் கருவி வைக்கவில்லை, நோட்டாவும் இல்லை. மெஷின் கேட்கிறபோது அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் மரியாதை.

ஓட்டுப் போடுகிற நாள் எது என்ற விஷயத்தை நீ தொடவே இல்லை. தொண்டிக்காரன் தொடாமல் இருக்கலாமா? ராமேஸ்வரம் விசைப்படகுகள் போவது திங்கள், புதன், சனி. மறுநாள் காலைதான் கரை திரும்பும். 2019 டிசம்பர் 30, இரண்டாம் கட்டம், திங்கள். 2022 பிப்ரவரி 19, நகராட்சித் தேர்தல், சனி. காலண்டரைப் புரட்டிப் பார். அந்தந்த நாளில் கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கனை நிறுத்தினால்தான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள், நிறுத்தினால் ஒரு நாள் தொழில் போகும். வெள்ளிக்கிழமை வைத்தால் புதன் போன படகு வியாழன் காலையே வந்திருக்கும், சனிக்குப் பனிக்கட்டியும் டீசலும் ஏற்றுகிற நாள் அது. நாட்டுப்படகுக்காரர் இரவில் வலை விட்டுக் காலையில் வந்துவிடுவார், மதியம் ஓட்டுப் போடலாம். ஜும்ஆ முடிந்து உன் ஆட்கள் மொத்தமாக வந்து நிற்பார்கள், அதற்கும் இரண்டு மறைப்புதான் மருந்து. தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14-க்குள், வைத்தால் என்ன என்று சிலர் சொல்கிறார்கள். படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் நிற்க மாட்டார்கள். பாதிப் பேர் மேற்குக் கரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள்.

வளைகுடாவில் இருக்கிற கீழக்கரை, தொண்டிப் பிள்ளைகளுக்குக் கைபேசி வாக்கு கேட்கலாமே என்கிறாய். பீகாரில் 2025 ஜூனில் சில நகராட்சிகளில் செய்தார்கள்தான். இன்றைய சட்டப்படி வெளிநாட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலும் நேரில் வந்துதான் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வீட்டுப் பெரியவர் கையில் இருக்கிற ஊரில் ரகசியம் எங்கே நிற்கும்? இதை இப்போதைக்கு விடு.

விடக் கூடாதது வார்டுப் பட்டியல். சட்டமன்றப் பட்டியலை எடுத்துத் தெருத்தெருவாக வெட்டித்தான் வார்டுக்குப் போடுகிறார்கள். வெட்டுகிற இடத்தில் புருஷன் ஒரு வார்டு, பெண்டாட்டி ஒரு வார்டு என்று விழும். முகவரித் தவறு இருந்தால் படிவம் 8-ல் இப்போதே சரிசெய்ய வேண்டும். வேட்புமனு தொடங்கிய பிறகு ஓடிப் பலனில்லை. பூத் சிலிப்பில் வார்டு எண்ணோடு 'உங்கள் சீட்டு வெள்ளை' அல்லது 'இளநீலம்' என்று ஒரு வார்த்தை அச்சடித்தால் உள்ளே நடக்கிற பாதி வாக்குவாதம் ஓயும்.

மனுவில் சாய்தளத்தையும் எழுது. ஒரு அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு அடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போட்டோ எடுப்பது சாய்தளம் ஆகாது. பள்ளி முற்றம் மணலாக இருந்தால் சக்கர நாற்காலி புதையும். வாசல்வரை ஒட்டுப்பலகை விரிக்கச் சொல்.

2025 ஜனவரி 5-ஓடு நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது உனக்குத் தெரியும். அறிவிப்பு வந்த பிறகு கொடுக்கிற மனுவை யாரும் பிரிக்க மாட்டார்கள். நகலை எழுதி இந்த வாரமே அனுப்பு. இரண்டு மறைப்புக் கணக்கை நான் சாவடி வாரியாகப் போட்டுச் சேர்க்கிறேன். ஆணையத்துக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, நாள் விஷயத்தை மட்டும் தனித் தாளில் மீன்வளத்துறைக்கு.

குழந்தை பிறந்ததும் சேதி சொல்.

உன்,
அந்தோணி