அந்தப் பிள்ளையின் முகத்தைக் காணிக்கைக் கவரிலிருந்து எடுத்துவிடுங்கள்

நமது திருச்சபையின் வெளிநாட்டு அருட்பணிக் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற அறுப்பின் பண்டிகைக்காக மயிலாடுதுறை, தரங்கம்பாடி பகுதிச் சபைகளில் கொடுக்கப்பட்ட காணிக்கைக் கவரை என் தங்கை படமெடுத்து எனக்கு அனுப்பினாள். கவரின் முகப்பில் என் வகுப்பில் படிக்கும் 15 வயதுப் பையனின் முகம் இருக்கிறது. அதன் கீழே அவன் பெயரும், அவன் தகப்பனார் யார் கையால் எப்படி இறந்தார் என்ற விவரமும் அச்சாகியிருக்கின்றன. இந்தக் கவர்களையும், இதே படத்துடன் வைக்கப்பட்ட பிளெக்ஸ் பலகைகளையும் உடனே திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கென்யாவின் வடமேற்கில், துர்கானா வறண்ட நிலத்தில், 1992 முதல் இருந்துவரும் ககுமா அகதிகள் முகாமைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை அங்கே அனுப்பியவர்கள் நீங்கள். தெற்கு சூடானில் 2013 டிசம்பரில் மூண்ட உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற இனத்தவர் இங்கே ஒரே முகாமில் வாழ்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பையன் எந்த இனத்தவன் என்று இம்மடலில்கூட நான் எழுதப் போவதில்லை. கவரில் அதுவும் இருக்கிறது.

இந்த முகாமில் பதின்ம வயதினருக்குச் சமாதானத்தைப் பாடமாக நடத்துவது எப்படி என்று சபை மக்கள் பலர் என்னைக் கேட்டதுண்டு. தண்ணீரில்தான் தொடங்குவேன். குழாயடியில் மஞ்சள் கேன்களை வரிசையாக வைத்துவிட்டு வெயிலில் காத்திருக்கும்போது யாரோ ஒருவர் கேனை முன்னே நகர்த்திவிட்டால் எழும் சண்டையை அவர்களையே நடித்துக்காட்டச் சொல்வேன். பிறகு நம் ஊர்க் கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்போது, இரவோடு இரவாக மேல்மடைக்காரர் மடையை அடைத்துவிட்டால் என்ன நடக்கும், ஊர்ப் பெரியவர்கள் அதை எப்படிப் பேசித் தீர்ப்பார்கள் என்று சொல்வேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து கேள்வி கேட்பார்கள். சொந்த இழப்பைப் பேசும் நாள் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அன்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஆற்றுப் படுகையில் பொறுக்கிய ஒரு வழவழப்பான கல்லைக் கைமாற்றிக்கொள்வோம். கல்லை வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம். வேண்டாமென்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். பேசியது அந்தக் கொட்டகையைத் தாண்டக் கூடாது. இந்த மூன்று விதிகளையும் பிள்ளைகளே பேசி முடிவு செய்து, ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

குழுவின் பிரதிநிதிகள் வந்தபோது, வட்டம் நடக்கும் நேரத்தில் உள்ளே வர வேண்டாம், வந்தாலும் கைப்பேசியை வெளியே வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சபையாருக்குச் சாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. அன்று அந்தப் பையன் கல்லை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, முதன்முறையாகப் பேசினான். எதிர்த்தரப்புப் பிள்ளைகள் இருவர் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார்கள். அவன் பேசியதைப் பதிவு செய்தவர்கள் அவனிடமும் கேட்கவில்லை, அவனை வளர்க்கும் அத்தையிடமும் கேட்கவில்லை.

கவரின் படம் வாட்ஸ்அப் வழியாக முகாமுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அவன் அத்தை அவனை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். குழாயடிக்கும் அவன் தனியே போவதில்லை. மற்ற பிள்ளைகள் வருகிறார்கள், வட்டமாக உட்காருகிறார்கள், கல் கைமாறி ஒரு சுற்று வந்து என்னிடமே திரும்புகிறது. யாரும் பேசுவதில்லை.

பிள்ளையின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று கென்யாவின் 2019ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த 2004 சுனாமிக்குப் பின், நம் கடற்கரைப் பிள்ளைகளிடம் கேமராவோடு வந்தவரெல்லாம் “அலை வந்தபோது அம்மா எங்கே இருந்தாள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அன்று நமக்கு எரிந்த வயிறு இன்று ஏன் எரியவில்லை?

காலாண்டு அறிக்கைப் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை பேர், அனுப்பிய புகைப்படங்கள் எத்தனை என்பதற்கெல்லாம் அதில் கட்டம் இருக்கிறது. அடிதடியில் முடியாமல் பேசித் தீர்ந்த சண்டை எத்தனை என்பதற்குக் கட்டம் இல்லை. 1779இல் ஹைதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்பச் சென்னைக் கம்பெனியார் தேடிப்பிடித்தது, திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரை. அவர் வார்த்தையை ஹைதர் நம்பினார் என்பதே காரணம். அந்த மண்ணிலிருந்து வந்த என் வார்த்தையை நம்பித்தான் அந்தப் பையனும் வாய் திறந்தான்.

ஆகவே மீண்டும் கேட்கிறேன். கவர்களையும் பலகைகளையும் திரும்பப் பெறுங்கள். இணையத்தில் பகிர்ந்ததையும் நீக்குங்கள். வட்டத்தில் பேசப்பட்ட எதுவும் எக்காரணத்தைக் கொண்டும் வெளியே போகாது என்றும், பிள்ளையும் பாதுகாவலரும் எழுத்தில் சம்மதிக்காமல் எந்தப் பிள்ளையின் முகமோ பெயரோ அச்சேறாது என்றும் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலையும், அத்தைக்கு ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் குழுத் தலைவர் கையொப்பத்துடன் அனுப்பிவைக்கத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். கடிதத்தை நானே அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக்காட்டுகிறேன். அதுவரை என் அறிக்கைகள் தவறாமல் வரும். அவற்றோடு படம் எதுவும் வராது.

கிறிஸ்துவின் பணியில்,
தரங்கம்பாடி வட்டத்திலிருந்து நீங்கள் அனுப்பிய மிஷனெரி ஆசிரியை